பெடோஃபியின் தாய் பேசிய மொழி

இளம் வயதில் என்னைக் கவர்ந்த அயல்நாட்டு வீரர்களில் கோசுத்தும் ஒருவர். 1848-ல் ஆஸ்திரிய ஆதிக்கத்தை எதிர்த்து ஹங்கேரியின் விடுதலைக்குக் கொடி தூக்கியவர். அந்தப் போராட்டத்தின் கவிஞர் பெடோஃபி. 1849-ல், 26 வயதில், போர்க்களத்தில் மறைந்தார். ஸ்லோவாக்கியரின் சரித்திரத்தைப் படித்த பிறகும் இவர்களிடம் எனக்குள்ள பக்தி போய்விடவில்லை. ஆனால் அதில் ஒரு முள் தைத்துவிட்டது.

பெடோஃபியின் தாய் ஸ்லோவாக்கியப் பெண். பெட்ரோவிச் என்ற குடும்பப் பெயரைக் கவிஞரே ஹங்கேரியப் பெயராக மாற்றிக்கொண்டார். கோசுத்தின் தந்தைவழி முன்னோரும் ஸ்லோவாக்கியர் வாழ்ந்த மலைநாட்டிலிருந்து வந்தவர்களே.

அந்த மக்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஹங்கேரிய முடியின் கீழ் வாழ்ந்தார்கள். சொந்தமாக மன்னன் இல்லை; தலைநகர் இல்லை. இருந்தது வாய்ப்பேச்சு ஒன்றுதான். அதை எப்படி எழுதுவது என்பதிலும் வழக்கு! கத்தோலிக்கருக்குப் பெர்னோலாக் பாதிரியார் 1787-ல் வகுத்த நடை; புராட்டஸ்டண்டுகளுக்குப் பைபிளின் பழைய செக் மொழி. 1843-ல் லுதோவித் ஷ்டூர் என்ற இளைஞர் இரண்டு நண்பர்களோடு கூடி, நடுநாட்டுக் குடியானவர்களின் பேச்சையே எழுத்துமொழி ஆக்கத் துணிந்தார். ‘பட்டிக்காட்டுப் பேச்சில் இலக்கியமா?’ என்று முகம் சுளித்தவர்கள் அவருடைய சொந்த இனத்திலேயே இருந்தார்கள். எந்த ஊரில்தான் இல்லை?

மறு ஆண்டே, 1844-ல், லத்தீனை அகற்றிவிட்டு ஹங்கேரிய மொழி அரசாங்க மொழியாயிற்று. அதை நான் குறை சொல்ல மாட்டேன். தாய்மொழிக்காக அவர்கள் பட்ட பாடு நியாயமானது. அதே நியாயத்தை அடுத்த வீட்டுக்காரன் கேட்டபோதுதான், ‘இந்த ராஜ்யத்தில் ஒரே தேசிய இனம்’ என்று கதவைச் சாத்தினார்கள். 1863-ல் மார்ட்டின் என்ற சிற்றூரில் ஸ்லோவாக்கியர் நன்கொடை திரட்டி ‘மாத்திட்சா’ என்ற கலாசாரச் சங்கத்தை நிறுவினார்கள். 1875-ல் அரசாங்கம் அதை மூடிச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. அவர்களுடைய மூன்று உயர்நிலைப் பள்ளிகளுக்கும் அந்தச் சமயத்தில்தான் பூட்டு விழுந்தது.

பிறகு செர்னோவா. அந்தக் கிராமத்தார் தாங்களே ஒரு தேவாலயம் கட்டினார்கள். தங்கள் ஊரில் பிறந்த ஹ்லிங்கா பாதிரியாரே வந்து அதைப் புனிதப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் ஆசை. தேசிய இயக்கத்தில் ஈடுபட்ட அவரைப் பதவியிலிருந்து விலக்கி வைத்திருந்த பிஷப், வேறு குருமாரை அனுப்பினார். 1907 அக்டோபர் 27 அன்று ஜனங்கள் வண்டிகளை மறித்தார்கள். போலீஸ் சுட்டது. 15 பேர் மாண்டார்கள். சிறைக்குப் போனவர்களோ சுட்டவர்கள் அல்லர், ஊர்க்காரர்கள்.

1918-ல் சக்கரம் சுழன்றது. பிறந்தது செக்கோஸ்லோவாக்கியா. அதன் தெற்கு எல்லையில் லட்சக்கணக்கான ஹங்கேரியர் சிறுபான்மையோர் ஆனார்கள். 1945-ல் அவர்களுடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. 1948-ல்தான் அது திரும்பக் கிடைக்கத் தொடங்கியது.

1993 முதல் ஸ்லோவாக்கியா தனி நாடு. அதன் தலைநகரான பிராடிஸ்லாவாவில், தான்யூப் நதிக்கு அருகே ஷ்டூருக்குச் சிலை இருக்கிறது. அதே நகரத்துத் தோட்டம் ஒன்றில் பெடோஃபியும் நிற்கிறார், அவருடைய தாயின் மொழி பேசும் ஜனங்கள் நடுவே.