பெருங்குடல் புற்றுநோயின் மரபணுசார் வகைப்பாடு

பெருங்குடல் புற்றுநோயின் மரபணுசார் வகைப்பாடு என்பது பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுக்கட்டிகளை, அவற்றின் உயிரணுக்களில் காணப்படும் மரபணுத் திடீர்மாற்றங்களைக் கொண்டு வகைப்படுத்தும் முறையாகும். நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றும் இரு கட்டிகளுள் ஒன்று ஒரு மருந்துக்குக் கட்டுப்படலாம். மற்றொன்று கட்டுப்படாமல் போகலாம். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிய இவ்வகைப்பாடு உதவுகின்றது.

இரு முதன்மை வகைகள்

1990ஆம் ஆண்டில் எரிக் ஃபியரான், பெர்ட் வோகல்ஸ்டைன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு கழலையில் திடீர்மாற்றங்கள் படிப்படியாகச் சேர்வதால் அது புற்றாகின்றது என விளக்கினர். இவ்வழியில் பெரும்பாலும் ஏ.பி.சி. மரபணு முதலிலும், கே-ராஸ் அடுத்தும், டி.பி.53 பிற்கட்டத்திலும் மாற்றமடைகின்றன. இத்தகைய கட்டிகளில் குரோமோசோம்களின் எண்ணிக்கையும் அமைப்பும் குலைந்திருக்கும். பெரும்பான்மையான கட்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஏறத்தாழ 15 விழுக்காட்டுக் கட்டிகளில், டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு செயலிழந்திருக்கும். எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகியன இவ்வமைப்பின் முக்கிய மரபணுக்கள். இவை பழுதடையும்போது, மைக்ரோசாட்டிலைட் எனப்படும் மீள்வரும் சிறு டி.என்.ஏ. தொடர்களின் நீளம் மாறுகின்றது. இந்நிலை மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை எனப்படும். இக்கட்டிகளில் திடீர்மாற்றங்கள் மிகுதியாக இருக்கும்.

பரம்பரைத் தொடர்பு

பிழைதிருத்தும் மரபணுக்களில் ஒன்றின் பழுது பெற்றோரிடமிருந்து வருமாயின் அது லிஞ்ச் கூட்டறிகுறி எனப்படும். நோயாளியின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் அதே பழுது இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எனவே அவர்களுக்கு மரபணுச் சோதனையும், பழுது உள்ளோருக்குக் குறித்த கால இடைவெளியில் குடல் அகநோக்கிச் சோதனையும் பரிந்துரைக்கப்படுகின்றன. மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை உள்ள கட்டியில் பி-ராஃப் மரபணுவின் வி600இ எனும் திடீர்மாற்றமும் இருப்பின், அது பெரும்பாலும் பரம்பரையாக வந்ததன்று.

சிகிச்சையில் பயன்பாடு

செடுக்சிமாப், பனிடுமுமாப் ஆகிய மருந்துகள் உயிரணுவின் புறத்தே வளர்ச்சிக் குறிகையைப் பெறும் ஏற்பியைத் தடுக்கின்றன. கே-ராஸ் அல்லது என்-ராஸ் மாற்றமடைந்த கட்டிகளில் அக்குறிகை உயிரணுவின் உள்ளேயே ஓயாது எழுவதால் இம்மருந்துகள் பொதுவாகப் பயனளிப்பதில்லை. ஆகவே பரவிய நோய்க்கு இவற்றைத் தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்யப்படுகின்றது.

மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை மிகுந்த கட்டிகள் மாறுபட்ட புரதங்கள் பலவற்றை உருவாக்குவதால், நோயெதிர்ப்பு அமைப்பு அவற்றை எளிதில் அடையாளம் காணும். இத்தகைய கட்டிகளுக்குப் பெம்புரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்து 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

வரம்புகள்

ஒரே கட்டியினுள் வெவ்வேறு திடீர்மாற்றங்களைக் கொண்ட உயிரணுக்கள் இருக்கக்கூடும். சிகிச்சையின்போது புதியனவும் தோன்றலாம். இதனால் தொடக்கத்தில் அறியப்பட்ட வகை மட்டுமே இறுதிவரை சிகிச்சையைத் தீர்மானிக்கப் போதுமானதன்று.