விலையிலேயே போட்டுருவோம்

சிலிபினில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு ஒரு பம்ப் வாங்க வேண்டியிருந்தது. விற்க வந்தவர் கோப்பிக்கடையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு அஞ்சு பர்சன் வச்சிருக்கேன் பாஸ். யாருக்கும் நட்டமில்ல. விலையிலேயே போட்டுருவோம்."

விலையில் போட்டால் நட்டம் கம்பெனிக்குத்தானே? வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். பெரிய யோக்கியன் என்றெல்லாம் இல்லை. அன்று மனசில் வந்தது தாத்தாவின் பிஸ்கட் டின்.

தாத்தா ஈப்போவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். டின் நிறைய மாதம் பத்து வெள்ளி ரசீதுகள். தோட்டத் துண்டாடல் காலத்தில் வேலையும் லயமும் ஒன்றாகப் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய பிறகு, சங்கம் என்ற சொல்லின் மேலேயே நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. தாத்தா பின்னாளில் சேர்ந்தது வேறொரு சங்கம். பேர் வேண்டாம். வீட்டு மனை தருவதாகச் சொன்னார்கள். நிலத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டார்கள், நடுவில் யாரோ தின்றுவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. மனை வரவில்லை.

"கேஸ் போடலயா பாட்டி?"

"யாரு மேலய்யா போடுறது? காசு நம்மளோடது, சங்கம் அவங்களோடது."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு தேடியபோதுதான் மகேசன் வழக்கு கிடைத்தது. மலேசிய அரசாங்க உத்தியோகஸ்தர்களின் கூட்டுறவு வீடமைப்புச் சங்கத்துக்கு நிலம் தேவைப்பட்டது. பினாங்கில் ஒரு நிலம் விலைக்கு வருவது சங்கத்தின் இயக்குநரும் ஊழியருமான மகேசனுக்குத் தெரியும். சங்கத்திடம் சொல்லவில்லை. ஒருவர் அதை 456,000 வெள்ளிக்கு வாங்கி, அதே சங்கத்துக்கு 944,000 வெள்ளிக்கு விற்றார். வித்தியாசம் 488,000. அதில் சரியாகக் கால் பங்கு, 122,000 வெள்ளி, மகேசனுக்கு.

குற்றவியல் வழக்கில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் ஒருவர் சிறைக்குப் போவதால் போன பணம் திரும்பாதே. சங்கம் தனியாக சிவில் வழக்குப் போட்டது. கூட்டரசு நீதிமன்றம் இரண்டையும் கொடுத்தது: லஞ்சப் பணம் 122,000, அதோடு நட்ட ஈடு 443,000 (நிலத்திலிருந்த புறம்போக்குவாசிகளை வெளியேற்ற ஆன 45,000 வெள்ளிச் செலவைக் கழித்துவிட்டார்கள்). அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1978இல் டிப்லாக் பிரபு சொன்ன தீர்ப்பு: இரண்டும் கிடையாது. லஞ்சப் பணத்தைக் கேட்கலாம், இல்லையென்றால் நட்டத்தைக் கேட்கலாம். தீர்ப்பு வருவதற்குள் சங்கம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய தொகை எதுவோ அதைத்தானே எடுப்பார்கள்? 443,000 நின்றது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லஞ்சம் அந்த 488,000க்கு உள்ளேயே இருக்கிறது. இரண்டையும் கூட்டுவது ஒரே பைப்பில் ஓடிய தண்ணீரை இரண்டு மீட்டரில் அளந்து கூட்டுவதுபோல. தவிர, லஞ்சப் பணத்தைக் கேட்கும் வழியில் ஒரு பெரிய சலுகை உண்டு. எவ்வளவு நட்டம் என்று நிரூபிக்கவே தேவையில்லை. வாங்கினான் என்று காட்டினால் போதும். கொடுத்தவன் மேலும் வழக்குப் போடலாம்.

கூட்டரசு நீதிமன்றம் இரண்டையும் கொடுத்ததற்குப் பின்னால் ஒரு பழைய ஆங்கில வழக்கு இருந்தது. 1891ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது. சால்ஃபோர்டு நகர சபையின் எரிவாயு மேலாளருக்கு நிலக்கரி வியாபாரி டன்னுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தார். அந்த ஷில்லிங்கை நிலக்கரி விலையிலேயே ஏற்றிவிட்டார். படித்ததும் சிரித்துவிட்டேன். நம்ம பம்ப்காரருக்கு நூறு வருடத்துக்கும் மூத்த அண்ணன்.

சரி, தாத்தா என்ன செய்திருக்க முடியும்? இதற்கான பதில் இன்னும் பழசு, 1843. மான்செஸ்டரில் விக்டோரியா பார்க் கம்பெனியின் இயக்குநர்கள் தங்கள் சொந்த நிலத்தையே கம்பெனிக்குக் கூடுதல் விலைக்கு விற்றார்கள் என்று இரண்டு பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். ஃபாஸ், ஹார்பாட்டில் வழக்கு என்பார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. நட்டம் கம்பெனிக்கு, அதனால் வழக்கும் கம்பெனிதான் போட வேண்டும், போடலாமா வேண்டாமா என்பதைப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கட்டும் என்றது. பின்னாளில் சில விதிவிலக்குகள் வந்தன, ஆனாலும் அடிப்படை அதுதான். மகேசன் வழக்கிலும் வென்றது சங்கம், தனி உறுப்பினர் இல்லை. லண்டன் வரை போக வசதியிருந்த உத்தியோகஸ்தர்களின் சங்கம் அது என்பதையும் மறக்க முடியவில்லை.

பாட்டி சொன்னது ஏறக்குறைய சட்டம்தான்.

போன வாரம் டின்னை மறுபடியும் கொட்டிப் பார்த்தேன். ரசீதுகளுக்கு அடியில் மூன்று கடித உறைகள், பிரிக்காமலே. மூன்றும் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்புகள், ஆங்கிலத்தில். இடம் கோலாலம்பூர். காலை ஒன்பது மணி. ஒரு கூட்டம் புதன்கிழமை. தாத்தா பால் எடுக்கிற நேரம் அது.