இரண்டு சூரியோதயம் கண்ட விமானப் பயணம்



ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை. ஆனால் போய்ச் சேரும் நேரம் மாறுகிறது. ஏன்? வரலாறு காட்டும் ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

1938-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து இங்கிலாந்துக்கு விமானச் சேவை நடந்தது. அவை நீரில் இறங்கி, நீரிலிருந்தே மேலெழும் விமானங்கள். 'பறக்கும் படகுகள்' என்று அவற்றை அழைத்தார்கள். சிங்கப்பூரில் தங்கி, பல ஊர்களில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, ஒன்பது பத்து நாட்களில் போய்ச் சேர்ந்தன.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மலாயாவில் வாழ்ந்த நம் பெரியோர் பட்ட துன்பம் நாம் அறிந்ததே. அதே போரினால் அந்த வான்வழியும் அறுந்தது. கடிதங்களும், அவசரமாகச் செல்ல வேண்டிய அதிகாரிகளும் எப்படிப் போவது?

குவாண்டாஸ் நிறுவனம் 1943-இல் புதுவழி கண்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள ஸ்வான் ஆற்றிலிருந்து, இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரி வரை, இந்து மகாசமுத்திரத்தின் மேலே, இடையில் எங்கும் நில்லாமல் பறப்பது! தூரம் சுமார் 5,600 கிலோமீட்டர். 'கட்டலினா' விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். தூரத்தை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். 28 மணி நேரம் வருகிறது. காற்றின் போக்கைப் பொறுத்து அது 27 முதல் 33 மணி வரை ஆயிற்று.

அவ்வளவு நேரம் பறக்க எண்ணெயே பெரும் பாரம். ஆகவே மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. கடிதங்களைச் சிறு படச்சுருளில் பதித்துப் பாரத்தைக் குறைத்தார்கள். எதிரி அறியாதிருக்க, வானொலித் தொடர்பின்றிப் பறந்தார்கள். நட்சத்திரங்களே வழிகாட்டிகள். அதனால்தான் ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயரையே சூட்டினார்கள்.

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்க்கலாம். எனவே இதற்கு 'இரட்டைச் சூரியோதயச் சேவை' என்று பெயர் வந்தது. பயணிகளுக்கு அதற்கான சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை 271 முறை கட்டலினாக்கள் இக்கடலைக் கடந்தன. ஓர் உயிர்கூடப் பலியாகவில்லை.

இன்றைய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் பறக்கும். அதே 5,600 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம்கூட வேண்டியதில்லை. தோட்டத்தில் காலைப் பிரட்டுக்கு நின்றவர் வேலை முடித்து வீடு திரும்பும் நேரந்தான்!

நேயர்களே, பயண நேரம் வேகத்தால் மட்டும் அமைவதன்று. வழி திறந்திருக்க வேண்டும்; அதற்கு நாடுகளிடையே அமைதி வேண்டும். அடுத்த முறை உங்கள் பிள்ளைகள் உலகப் படத்தை விரிக்கும்போது, பெர்த்தையும் இலங்கையையும் ஒரு கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். இருளில் நட்சத்திரங்களை நம்பிப் பறந்தவர்களின் கதையையும் கூறுங்கள்.