வரவர, போகப்போக

செஞ்சியில் ஏறி அனந்தபுரம் போகும் பேருந்தில், பின்சீட்டில் ஓர் அம்மா முழங்காலைப் பிடித்தபடி சொன்னார்: "வரவர இந்த முட்டி ரொம்பப் படுத்துது." பக்கத்தில் இருந்தவர், "எண்ண போட்டு நீவிவுடுக்கா, போகப்போக சரியாப்பூடும்" என்றார்.

புலம்பலுக்கு வரவர, தேறுதலுக்குப் போகப்போக. 'வரவர சரியாப்பூடும்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே தடுக்கும்.

இலக்கணப்படி 'வர', 'போக' இரண்டும் செயவென் எச்சங்கள். தேய்க்கத் தேய்க்கப் பாத்திரம் பளபளக்கும் என்பதில் கை உண்மையிலேயே தேய்க்கிறது. வரவர என்பதிலோ யாரும் வருவதில்லை. கடந்த காலம் நடந்து நடந்து இன்றைய நாளில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். நிற்கும்போது பெரும்பாலும் குறையோடுதான் நிற்கும். வரவர மாமியார் கழுதைபோல ஆனாளாம் என்ற பழமொழியில் மாமியார் தேறியதாக இல்லையே! போகப்போக இன்றிலிருந்து கிளம்புகிறது. கதை சொல்லும்போது மட்டும் பழைய காலத்துக்கும் அது இசையும்.

ஜப்பானிய மொழியிலும் இந்தப் பங்கீடு உண்டு. 'குரு' வருதல், 'இகு' போதல். 'ஃபுஎதெ கித' என்றால் இதுவரை கூடிக்கொண்டே வந்திருக்கிறது, 'ஃபுஎதெ இகு' என்றால் இனிமேல் கூடிக்கொண்டே போகும். போதலையே அடுக்கிய 'யுகுயுகு' என்ற சொல்லுக்குப் 'பிற்பாடு, போகப்போக' என்று பொருள். வயது ஏற ஏற என்பதற்கு அவர்கள் 'ட்சுரெதெ' போடுவார்கள். அது கூட்டிக்கொண்டு போவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. நாம் வினையை அடுக்குகிறோம், அவர்கள் துணைக்கு ஆள் சேர்க்கிறார்கள்.

சுசுமு ஓனோ (1919–2008) ஜப்பானியத்தைத் தமிழோடு உறவாக்கி நிறைய எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஒப்பவில்லை. இந்த வரவு-போக்கு ஒற்றுமையை வைத்தும் பங்காளி உறவு கொண்டாட முடியாது. காலத்தை வரவும் போகவும் வைக்கும் மொழிகள் பல.

நாம் இழந்த ஒரு சொல்தான் எனக்கு உறுத்தல். 396-ஆம் குறளில் மணற்கேணியைத் தோண்டும் அளவுக்கு நீர் ஊறுகிறது. அந்த 'அளவு'க்கு வள்ளுவர் வைத்த சொல் அனைத்து. இன்று அனைத்து என்றால் எல்லாம். ஜப்பானியரின் 'ஹொதொ' இன்னமும் அந்த அளவு வேலையைப் பார்க்கிறது. நமக்குத் தோண்டத் தோண்ட இருக்கிறது.

அனந்தபுரத்தில் வண்டி நின்றது. அம்மா கம்பியைப் பிடித்து ஒரு படி வைத்தார். இன்னொரு படி.

"எறங்க எறங்க வலி ஏறுதுடி" என்றார்.