கண்கூடு

வணிகன் சாதுவனை நாகர்கள் தின்னாமல் விட்டதற்கு ஒரே காரணம், அவனுக்கு அவர்கள் மொழி தெரிந்திருந்ததுதான். மணிமேகலைக் காப்பியத்தின் 16ஆம் காதையில் வருகிறது இது. கப்பல் உடைந்து, கிடைத்த மரத்தைப் பற்றிக்கொண்டு நக்கசாரணர் நாகர் மலையில் கரையேறுகிறான். தஞ்சைக் கல்வெட்டு முதலாம் இராசேந்திரன் வென்றதாகச் சொல்லும் மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார். நக்கசாரணர் இருந்ததும் அங்கேதான் என்பார் உண்டு. பெயர் ஒப்புமையே முக்கியச் சான்று என்பதால் இது வெறும் கருதல் அளவை, அதாவது ஊகித்தறிதல்; நேரில் கண்டறியும் கண்கூடு அன்று.

அந்தத் தீவில் நடப்பது, எதை எப்படி அறிகிறோம் என்ற அறிவளவை வாதம். மறுபிறப்பு உண்டு என்கிறான் சாதுவன். உடம்பை விட்டு உயிர் எப்படிப் போய் வேறிடம் புகும், அதைச் சொல் என்று சிரிக்கிறான் நாகர் தலைவன். உயிருள்ள உடம்பு வலியை உணர்கிறது, பிணத்தைச் சுட்டாலும் உணர்வதில்லை. ஆகவே ஏதோ ஒன்று போயிருக்கிறது என்பது சாதுவனின் விடை. உணர்வு நின்றது என்பதற்கு மேல் இது எதையும் நிறுவவில்லை. ஆனாலும் தலைவன் காலில் விழுந்துவிடுகிறான். காப்பியம் அவனுக்கு வேறு வழி வைக்கவில்லை.

'கண்கூடு' என்ற சொல்லே 27ஆம் காதையில், பூதங்களின் கூட்டமே எல்லாம் என்னும் பூதவாதியின் வாயில் வருகிறது. கண்ணும் பொருளும் கூடுவதால் பிறக்கும் அறிவு. அதைத் தவிரக் கருத்தளவு, அதாவது அனுமானம், நிற்காது என்கிறான். அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தையை எப்படி அறிந்தாய் என்று காப்பியத் தலைவி மணிமேகலை மடக்குகிறாள். தமிழில் இதைவிடக் கூர்மையான மறுப்பை நான் படித்ததில்லை.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், நேரடி அறிவான காட்சி அளவையை இந்திரியம், மானதம், தன்வேதனை, யோகம் என நான்காக விரித்தார். காட்சிக்குள் யோகியும் புகுந்துவிட்டார். கண்கூடு அப்படி விரியவில்லை. வழக்கில் இறங்கி, மறுக்க முடியாதது என்ற பொருளில் இன்று செய்தித்தாளில் புழங்குகிறது.

இச்சொல்லுக்குக் கலைச்சொல்லாகவும் இடமுண்டு. ஜான் லாக், டேவிட் ஹியூம் கொள்கைக்கு நம் பாடநூல்கள் 'அனுபவவாதம்' என்கின்றன. சிவானுபவமும் அனுபவம்தானே? புலனறிவை முதலாகக் கொண்ட கொள்கைக்கு அந்தப் பெயர் தளர்ச்சியானது. லாக் மனம் தன்னையே நோக்குவதையும் சேர்த்தவர் என்பதால் கண்கூடும் அவருக்கு முழுதாகப் பொருந்தாது. ஆனால் புலன் தராத எதையும் ஏற்காத பூதவாதிக்கு அது கச்சிதம். கலைச்சொல் ஆக்குவோர் 27ஆம் காதையை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்கட்டும்.