யோபின் இராக்கனவு: வில்லியம் பிளேக்கின் செதுக்கோவியம் ஒன்று

ஆங்கில நாட்டுப் புனைவியல் இயக்கத்தைச் சேர்ந்த ஓவியர் வில்லியம் பிளேக் (1757–1827) ஒரு பின்னலாடை வணிகரின் மகன் என்பது திருப்பூர் வட்டாரத்து ஆயர்களுக்கு வியப்பளிக்கலாம். அவர் தந்தை ஜேம்ஸ் பிளேக் இலண்டன் பிராட் தெருவில் காலுறை, கையுறை முதலியன விற்றுவந்தார். நம் ஊரார் வழங்கும் 'ஹோசியரி' என்ற சொல்லே அவருடைய தொழிலுக்கும் பெயர். மகனோ 1772இல் ஜேம்ஸ் பசயர் என்னும் செதுக்கோவியரிடம் ஏழாண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

1805ஐ ஒட்டி, அரசு அலுவலக எழுத்தரான தாமஸ் பட்ஸ் பொருட்டு, பிளேக் யோபு நூலுக்கு நீர்வண்ண ஓவியங்கள் தீட்டினார். 1823இல் ஓவியர் ஜான் லின்னல், நூறு பவுன் ஊதியத்துக்கு அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கித் தருமாறு ஒப்பந்தம் செய்தார். தலைப்புத் தகடு நீங்கலாக 21 படங்கள் 1826இல் வெளிவந்தன. விற்பனை சொற்பமே. மறு ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் பிளேக் காலமானார்.

இவற்றுள் பதினோராவது படம் யோபு 7:14ஐத் தழுவியது. யோபு படுக்கையில் கிடக்கிறார். அவர்மேல் கடவுளின் சாயலில் ஓர் உருவம் கவிந்து நிற்கிறது. அதன் ஒரு கை நியாயப்பிரமாணக் கற்பலகைகளையும், மறு கை கீழே எரியும் தீயையும் சுட்டுகின்றன. பாம்பு அதன் உடலைச் சுற்றியிருக்கிறது. காலோ பிளவுண்ட குளம்பு. கடவுளென்று யோபு அஞ்சியது சாத்தானின் உருவமே என்பது இதன் பொருள்.

இங்கே நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். திருமறையில் யோபு அக்கனவைக் கடவுளே அனுப்பியதாக முறையிடுகிறார். அம்முறையீட்டில் சாத்தானின் பெயர் இல்லை. ஆகவே பிளேக் செய்தது பாட விளக்கமன்று. தம் இறையியலைப் பாடத்தின்மீது ஏற்றினார் என்றே சொல்லவேண்டும். எனினும் படங்களின் வரிசை ஓர் உண்மையை உணர்த்துகிறது. பத்தாவது படத்தில் நண்பர் மூவரும் யோபை நோக்கிக் கைநீட்டிக் குற்றஞ்சாட்டுகின்றனர். அடுத்த படத்திலேயே சுட்டும் கைகளோடு அப்போலித் தெய்வம் தோன்றுகிறது. நண்பர்களின் போதனையே நோயாளியின் கனவில் கடவுளாய் நின்றது. அந்நண்பர்கள் கடவுளைக்குறித்துச் சரியாய்ப் பேசவில்லை என்று யோபு 42:7 தீர்ப்பளிப்பதையும் நாம் மறத்தலாகாது.

2011 ஜனவரியில், நொய்யல் மாசுபட்டதை முன்னிட்டு, சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. வேலையிழந்தோர் இல்லங்களுக்கு நாம் ஜெபிக்கச் சென்றோம். மறைவான பாவம் ஏதேனும் உண்டோ என்று ஒரு வீட்டில் நான் வினவினேன். அவ்வீட்டுத் தாயார் மறுமொழி கூறாது தலைகுனிந்தார். பல்லாண்டு கழித்து இப்படத்தை உற்று நோக்கியபோதுதான், அன்று நீண்ட கை யாருடையது என்பது எனக்கு விளங்கிற்று.

முதற்படத்தில் யோபின் குடும்பத்தார் மடியில் நூல்களை வைத்து ஜெபிக்கின்றனர். இசைக்கருவிகள் மரத்தில் வாளாவே தொங்குகின்றன. இறுதிப் படத்திலோ எல்லாரும் எழுந்து நின்று அவற்றை இசைக்கின்றனர். துன்புறுவோர் இல்லத்திலிருந்து நாம் விடைபெறும்போது, அங்குள்ளோர் மனத்தில் எத்தகைய கடவுளை விட்டுச்செல்கிறோம்? ஆயர்ப்பணிக்கு ஆயத்தப்படும் ஒவ்வொருவரும் இதனைத் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.