வால்பாறை: தேயிலைக்கும் மழைக்காட்டுக்கும் நடுவே ஒரு மலையூர்

வால்பாறை, கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆனைமலைத் தொடரின் மேல் அமைந்துள்ள நகரம். அதே பெயர் கொண்ட வட்டத்தின் தலைமையிடம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில் உள்ளது. பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 64 கி.மீ. தொலைவு. ஆழியாறு அணையைக் கடந்ததும் ஏறத் தொடங்கும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நகரைச் சுற்றிச் சுமார் 220 சதுர கி.மீ. பரப்பில் தேயிலைத் தோட்டங்கள் விரிந்துள்ளன. அவற்றைச் சுற்றி நாற்புறமும் தமிழ்நாடு, கேரள மாநிலங்களின் பாதுகாக்கப்பட்ட காடுகள் இருக்கின்றன.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களின் கூட்டமும் கடைத்தெருவும் இங்கே குறைவு. அதனால் "அமைதியான மலையூர்" என்று பயணிகள் வால்பாறையைத் தேடி வருகின்றனர். இந்த அமைதி தற்செயலாக அமைந்ததன்று. வால்பாறை ஓய்வெடுப்பதற்காக உருவாக்கப்பட்ட ஊர் அன்று. வேலை வாங்குவதற்காக உருவாக்கப்பட்ட ஊர். அதன் வரலாற்றை அறிந்துகொண்டால், அங்கே காணும் பசுமையின் பொருளும் விளங்கும்.

கோடை வாசத்தலமாகப் பிறக்காத ஊர்

ஊட்டியில் 1820களில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் வீடு கட்டிக் குடியேறினார். பின்னர் அது சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகரமாயிற்று. கொடைக்கானலில் 1845-இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் உடல்நலம் பேணும் இடமாகக் குடியமர்ந்தனர். இவ்விரு ஊர்களிலும் ஏரி, பூங்கா, மாளிகை, பள்ளி, மன்றம் என அனைத்தும் ஐரோப்பியரின் ஓய்வுக்காகவே எழுந்தன. விடுதலைக்குப் பின் அந்த வசதிகளே சுற்றுலாவுக்கு அடித்தளமாயின.

வால்பாறைக்கு அத்தகைய தொடக்கம் இல்லை. மலேரியாவும் அடைமழையும் மிகுந்த இந்த மலையை நாடி ஓய்வுக்கு எவரும் வரவில்லை. வந்தவர்கள் தோட்டக்காரர்கள், அவர்கள் அழைத்து வந்தவர்கள் தொழிலாளர்கள். நிலத்தின் பெரும்பகுதி தோட்ட நிறுவனங்களிடமும் வனத்துறையிடமும் இருந்ததால் ஊர் பரந்து வளர இடம் கிடைக்கவில்லை. தோட்டங்களுக்கு நடுவே ஒரு கடைத்தெருவாகவே வால்பாறை நகரம் உருவானது.

காடும் அதன் மக்களும்

தோட்டங்கள் வருவதற்கு முன் இந்த மலை முழுவதும் அடர்ந்த மழைக்காடாகவும், உயர்ந்த பகுதிகளில் சோலையும் புல்வெளியுமாகவும் இருந்தது. காடர், முதுவர், மலசர், மலைமலசர், புலையர், இரவாளர் ஆகிய பழங்குடி மக்கள் ஆனைமலையில் வாழ்கின்றனர். இவர்களுள் காடர்கள் தேன், கிழங்கு, ஏலம் முதலிய காட்டு விளைபொருட்களைச் சேகரித்து வாழ்ந்தவர்கள். காட்டுக்குள் வந்த வெள்ளை அதிகாரிகளுக்கு வழிகாட்டிகளாக இருந்தவர்களும் இவர்களே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆனைமலைத் தேக்கு மரங்கள் கப்பல் கட்டும் பணிக்காக வெட்டப்பட்டன. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரித்துவிட்ட இடமே இன்று டாப்சிலிப் என்று அழைக்கப்படுகிறது. அது வால்பாறைக்கு வடமேற்கே தனிப் பாதையில் உள்ளது. தேக்கு மரங்கள் தாழ்ந்த சரிவுகளில் இருந்தன. அதனால் மேலே இருந்த மழைக்காடு அப்போது பெரும்பாலும் தப்பியது.

காபியிலிருந்து தேயிலைக்கு

மலைமேல் முதலில் நடப்பட்ட தோட்டப்பயிர் காபி. 1864-இல் கர்நாடிக் காபி கம்பெனி இங்கே தோட்டம் அமைத்தது. எதிர்பார்த்த ஆதாயம் கிடைக்கவில்லை. 1875-இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர் ஆனவர், ஆனைமலையில் வேட்டையாட வருவதாக ஏற்பாடாயிற்று. அதற்காகப் பாதைகள் வெட்டப்பட்டன. ஆனால் அந்த வருகை நடைபெறவில்லை.

பெரிய மாற்றம் 1890களில் தொடங்கியது. அரசிடமிருந்து நிலம் பெற்ற ஐரோப்பியர்கள் காட்டை அழித்துத் தோட்டம் அமைத்தனர். அவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுபவர் கார்வர் மார்ஷ். மலைப்பாதையில் கவர்கல் அருகே அவருடைய சிலை உள்ளது. பாதை அமைக்கும் பணியில் ஈடுபட்ட பொறியாளர் லோமின் பெயரால் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் உள்ள காட்சி முனை "லோம்ஸ் வியூ" என வழங்குகிறது.

இலங்கையில் 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் காபித் தோட்டங்களை வீழ்த்தியதும், அங்கே தேயிலை அதன் இடத்தைப் பிடித்ததும் தோட்டக்காரர்கள் அறிந்த பாடம். ஆனைமலையின் அதிக மழையும் குளிரும் தேயிலைக்கு ஏற்றவையாக இருந்தன. ஆகவே காபி, ஏலம் ஆகியவை சில பகுதிகளில் நின்றுவிட, தேயிலை மலை முழுவதும் பரவியது. 1890களுக்கும் 1930களுக்கும் இடைப்பட்ட சுமார் நாற்பது ஆண்டுகளில் மேட்டுநிலத்து மழைக்காட்டின் பெரும்பகுதி மறைந்தது. நிழலுக்காக ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சில்வர் ஓக் மரங்கள் நடப்பட்டன. தொழிற்சாலைகளில் இலையை உலர்த்த விறகு தேவைப்பட்டதால் யூக்கலிப்டஸ் தோப்புகளும் வந்தன.

தொழிலாளர்கள் வந்த வழி

காட்டை வெட்டவும் செடி நடவும் கொழுந்து பறிக்கவும் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் வாடிய சமவெளிக் கிராமங்களிலிருந்து மக்கள் திரட்டப்பட்டனர். திருநெல்வேலி உள்ளிட்ட தென்மாவட்டங்களிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் குடும்பங்கள் மலையேறின. ஆள் திரட்டியவர்கள் மேஸ்திரிகள். முன்பணம் கொடுத்துக் கைநாட்டு வாங்கி அழைத்து வருவதே அவர்களுடைய முறை.

முன்பணம் அடைபடும் வரை தொழிலாளி மலையை விட்டு இறங்க இயலாது. 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டத்தின்படி, முன்பணம் பெற்றபின் வேலையை விட்டுச் செல்வது தண்டனைக்குரிய குற்றம். கடன் வாங்கியவர் தப்பி ஓடினால் அது பணத் தகராறாகக் கருதப்படாமல் குற்ற வழக்காகவே நடத்தப்பட்டது. 1920களில்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது.

மலேரியா மிகப் பெரிய கொடுமையாக இருந்தது. தெளிந்த ஓடைகளில் பெருகும் கொசுவே நோயைப் பரப்பியது. ஓடைக்கரை மரங்களை வெட்டி வெயில் படச் செய்தது அந்தக் கொசு பெருகத் துணையாயிற்று. அடைமழையில் நனைந்தபடி வேலை செய்து, ஒழுகும் குடிசைகளில் உறங்கிய மக்கள் குடும்பம் குடும்பமாக நோய்க்கு இரையாயினர்.

இந்த வாழ்க்கையைப் பதிவு செய்தவர் மருத்துவர் பி.எச். டேனியல். 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், தொழிலாளர்களுக்காகத் தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டார். முதிய தொழிலாளர்களிடம் கேட்டறிந்தவற்றை அடிப்படையாகக் கொண்டு "ரெட் டீ" என்னும் ஆங்கில நாவலை எழுதினார். அது 1969-இல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதை "எரியும் பனிக்காடு" என்று தமிழாக்கம் செய்தார். பாலா இயக்கத்தில் 2013-இல் வெளிவந்த "பரதேசி" திரைப்படம் இந்நாவலைத் தழுவியது.

விடுதலைக்குப் பின்

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன. மேஸ்திரி முறை ஒழிந்தது. மலேரியாவும் கட்டுக்குள் வந்தது. பெற்றோர் ஏக்கத்துடன் நினைத்த சமவெளி, மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு உறவினர் ஊராக மட்டுமே இருந்தது. அவர்களுக்குச் சொந்த ஊர் வால்பாறைதான்.

1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை அளிக்கத் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அவை பெரும்பாலும் நீலகிரியில் இருந்தாலும் வால்பாறைப் பகுதியிலும் அமைந்தன.

இதே காலத்தில் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம் மலையின் நீரோட்டத்தை மாற்றியது. மேற்கு நோக்கி ஓடிய ஆறுகளின் நீர் நீராறு, சோலையாறு முதலிய அணைகளாலும் சுரங்கக் கால்வாய்களாலும் கிழக்கே திருப்பப்பட்டது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதி வயல்களும் தோப்புகளும் அந்நீரால் பயன் பெற்றன. ஆகவே வால்பாறையின் மழையும் காடும் மலைவாசிகளின் கவலை மட்டுமல்ல. சமவெளி உழவரின் தேவையும் ஆகும்.

எஞ்சிய காடுகள்

தோட்டங்களுக்கு நடுவே செங்குத்தான சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் சிறு காடுகள் எஞ்சின. ஏறத்தாழ 40 துண்டுகளாக உள்ள இவற்றுள் பல தோட்ட நிறுவனங்களின் நிலத்தில் இருக்கின்றன. பெரிதல்லாத இக்காடுகளில் சிங்கவால் குரங்கு, இருவாட்சி, மலபார் அணில் முதலியவை வாழ்கின்றன. நகரை அடுத்த புதுத்தோட்டம் காடு நூறு எக்டேருக்கும் குறைவானது. ஆனால் உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சிங்கவால் குரங்குகளை அங்கே சாலையோரத்திலேயே காணலாம். சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடாதிருக்க, மரங்களுக்கிடையே கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டுள்ளன.

மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்திலிருந்து தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு சிதைந்த காடுகளை மீட்டு வருகின்றனர். களைகளை அகற்றி, நாற்றங்காலில் வளர்த்த உள்ளூர் மரக்கன்றுகளை நடுவதே அந்தப் பணி. வெட்டி அழிக்கச் சில நாட்கள் போதும் காடு, மீண்டும் நிழல் தரப் பல்லாண்டுகள் ஆகும் என்பதை இப்பணி காட்டுகிறது.

சுற்றியுள்ள சரணாலயம் 2007-இல் ஆனைமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை 2012-இல் யுனெஸ்கோ உலக மரபிடமானபோது, இங்குள்ள புல்மலையும் கரியன் சோலையும் அதில் இடம்பெற்றன.

யானைகளின் பழைய வழி

ஒரு காட்டிலிருந்து மறுகாட்டுக்குச் செல்லும் யானைகள் தோட்டங்களைக் கடந்தே ஆகவேண்டும். பகலில் ஆற்றோரக் காடுகளில் தங்கி, இருட்டியபின் நடக்கின்றன. அரிசியின் மணத்தை அறிந்து நியாயவிலைக் கடைகளையும் பள்ளிச் சத்துணவுக் கூடங்களையும் உடைப்பதுண்டு. மனித உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. அவற்றை ஆராய்ந்தபோது, பெரும்பாலானோர் அருகில் யானை நிற்பதை அறியாமலே எதிர்ப்பட்டவர்கள் என்பது தெரிந்தது.

ஆகவே யானையை விரட்டுவதை விட, அது இருக்கும் இடத்தை மக்களுக்குத் தெரிவிப்பதே வழி என்ற முடிவுக்கு வந்தனர். யானை நடமாட்டம் முதலில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியிலும், 2011 முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் அறிவிக்கப்பட்டது. முக்கிய இடங்களில் கைப்பேசி மூலம் இயக்கப்படும் சிவப்பு விளக்குகள் பொருத்தப்பட்டன. மாலையில் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடப்பவர் விளக்கு எரிவதைக் கண்டால் நின்றுவிடலாம். இப்பணிக்காக ஆய்வாளர் எம். ஆனந்தகுமார் 2015-இல் விட்லி விருது பெற்றார்.

குறையும் மக்கள்

2001 கணக்கெடுப்பில் வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 95,000. 2011-இல் அது சுமார் 71,000 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டு நகரங்கள் பெருகி வந்த பத்தாண்டுகளில் இங்கே ஏறத்தாழ நான்கில் ஒருவர் குறைந்தனர். தேயிலை விலை வீழ்ச்சி, குறைந்த கூலி, வனவிலங்கு அச்சம் ஆகியவை மக்களை வெளியேற்றின. திருப்பூர், கோவை ஆலைகளின் வேலை அவர்களை ஈர்த்தது. படித்த பிள்ளைகள் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்ட விரும்பவில்லை. அவர்களுடைய இடத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் வருகின்றனர். நூறாண்டுக்கு முன் சமவெளியிலிருந்து ஏறியவர்களைப் போலவே அவர்களும் அறியாத மலைக்கு வேலை தேடி வந்தவர்கள்.

இதில் மறைந்துள்ள துயரம் வீடு பற்றியது. லயன் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். மூன்று, நான்கு தலைமுறையாக இம்மலையில் உழைத்த குடும்பத்துக்கும் இங்கே ஒரு சென்ட் நிலம் இல்லாதிருப்பது இயல்பு. பணி ஓய்வு பெற்ற நாளில் அவர்கள் தாம் பிறந்த ஊரிலேயே இடம் தேட வேண்டியவர்களாகின்றனர். காடர்களின் நிலையும் வேறன்று. 2019 மழையில் மண் சரிந்து குடியிருப்பை இழந்த கல்லாறு காடர்கள், தம் மூதாதையர் காட்டில் தெப்பக்குளமேட்டில் குடியமர்வதற்கே நெடுநாள் போராட வேண்டியிருந்தது.

பயணிகள் அறிய வேண்டியவை

பொள்ளாச்சியிலிருந்து பேருந்துகள் உண்டு. ஏறும் வழியில் குரங்கு அருவி, லோம்ஸ் வியூ, அட்டகட்டி ஆகியவை வருகின்றன. பாறைச் சரிவுகளில் மாநில விலங்கான வரையாட்டைக் காணலாம். நகருக்கு அப்பால் கூழாங்கல் ஆறு, நீராறு அணை, சோலையாறு அணை, மிகுதியான மழைக்குப் பெயர்பெற்ற சின்னக்கல்லாறு ஆகியவை உள்ளன. மேற்கே மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்குக் காட்டுப்பாதை செல்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழையும் அட்டைகளும் மிகுதி. மழை ஓய்ந்தபின் செல்வது எளிது.

தோட்டச் சாலைகள் பலவும் தனியாருடையவை. அனுமதி பெற்றே நுழைய வேண்டும். இரவில் வண்டி ஓட்டுவதையும் குரங்குகளுக்குத் தின்பண்டம் தருவதையும் தவிர்க்க வேண்டும். சீராக வெட்டிய இளம்பச்சைச் சரிவு தேயிலை. பல உயரங்களில் இருண்டு நிற்கும் கரும்பச்சை பழைய காடு. எந்தக் காட்சி முனையில் நின்று பார்த்தாலும் இவ்விரண்டும் அருகருகே தெரியும். முன்னது மனித உழைப்பால் உண்டானது. பின்னது அந்த உழைப்பின் கோடரிக்குத் தப்பியது. தங்கும் விடுதிகள் பெருகிவரும் இந்நாளில், வீடற்ற தொழிலாளிக்கும் இடமற்ற யானைக்கும் மலையில் ஓர் இடம் உறுதியாகும்போதுதான் வால்பாறையின் அமைதியும் நிலைக்கும்.